அப்பன் போகக்கூடாத நாள்

ஊ லுன் மவுங்குக்கு வீம்பு என்றால் சோறு மாதிரி. ஒரு வேளை இல்லாவிட்டாலும் ஆள் வாடிப்போவார். டலா படகுத்துறையில் தலை நரைக்கும் வரை சைக்கிள் ரிக்‌ஷா மிதித்த மனிதர். ஏறுகிறவர் பேரம் பேசிவிட்டால் போச்சு. "நடந்து போங்க, காலுக்கு நல்லது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்புறம் பொழுது சாயும்வரை சவாரி இல்லாமல் குந்தியிருப்பார். மனைவி இருந்தவரை அவள் திட்டித் திட்டியே அவரை ஒரு மனுஷனாக வைத்திருந்தாள். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஒரே மகள் மா ஸெய்ன் மூ, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரங்கூனில் பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிற கோ ப்யே ஸோவோடு ஓடிப்போனாள். ஓடிப்போவது அங்கே ஒன்றும் உலக அதிசயமில்லை. ஓடுவார்கள், பிறகு வந்து காலில் விழுவார்கள், பெரியவர்கள் நாலு ஏச்சு ஏசிவிட்டுச் சோறு போடுவார்கள். அவளும் போன வருஷம், பிள்ளைகள் பெரியவர்களைக் கும்பிட்டுப் பிழை பொறுக்கச் சொல்லும் தடிஞ்சுட் பௌர்ணமிக்கு மெழுகுவத்தியும் வாழைப்பழச் சீப்புமாக வந்து அப்பன் முன்னால் மண்டியிட்டாள். மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தடிஞ்சுட் அன்று கும்பிட வந்த பிள்ளைக்கு ஒரு வாழ்த்துச் சொல்லாமல் அனுப்பிய அப்பனை டலாவில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. அவள் படகேறிய மறு நிமிஷமே, கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாமே என்றிருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை. அதன்பின் ஒரு வருஷம் அந்த வீட்டில் ஒற்றைத் தட்டுதான்.

இந்த வருஷம் பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருக்கையில் மருமகன் படகுத்துறைக்கே வந்தான்.

"மாமா, அமாவாசையன்னிக்குப் பேத்தி பொறந்திருக்கா. பௌர்ணமிக்குத்தான் எனக்கு லீவு. அன்னிக்கே பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திப் பேரு வைக்கிறோம். முதல் தண்ணி நீங்கதான் ஊத்தணுமாம், ஸெய்ன் மூ சொல்லச் சொன்னா."

அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் வாய் அவர் பேச்சைக் கேட்டால்தானே!

"தடிஞ்சுட் அன்னிக்கா? அன்னிக்குப் பிள்ளைங்கதான் அப்பனைத் தேடி வரணும். அப்பன் போகப்படாது. அவளை வரச் சொல்லு. இந்தத் தடவை சுவரைப் பாக்க மாட்டேன்னும் சொல்லு."

பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சவாரி ஏறிவிட்டது. இவர் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

பௌர்ணமியன்று விடிந்ததும் குளித்து, கட்டம் போட்ட புதுக் கைலி கட்டி, புதுப் பாய் விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் குழந்தைக்கு வாங்கின கொசுவலைக் கூடு. தெருப் பிள்ளைகள் வரிசையாக வந்து கும்பிட்டார்கள். "நோய் நொடி இல்லாம இருங்க, நல்லாப் படிங்க" என்று வாழ்த்தினார். வாய்தான் வாழ்த்தியது, கண் தெருமுனையில் கிடந்தது. ஒவ்வொரு படகு ஊதும்போதும் எழுந்து நின்றார். எதிர் வீட்டுக்கு நான்கு பிள்ளைகள் பேரன் பேத்தியோடு வந்து இறங்கி, ஒரே சிரிப்பும் கூச்சலும். இவர் பாய் மட்டும் விரித்தது விரித்தபடி இருந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு டோ ஓன் சீ ஒரு கிண்ணம் மீன்குழம்பு மொகிங்காவோடு வந்தாள். வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள்.

"ஏம்ப்பா லுன் மவுங், மாப்பிள்ளை கணக்கா உக்காந்திருக்கே! யாருக்கு?"

"எம் பொண்ணு வருவா அக்கா. பிள்ளையைத் தூக்கிட்டுக் கும்பிட வருவா."

"பிள்ளை எப்பப் பொறந்துச்சு?"

"இந்த அமாவாசைக்குத்தானாம்."

கிண்ணத்தை அவள் தரையில் வைத்த வேகத்தில் குழம்பு தளும்பியது.

"அடக் கிறுக்கா! பச்சை உடம்புக்காரிடா அவ! உடம்பெல்லாம் மஞ்சளைப் பூசி, காதைப் பொத்தி, காத்துப் படாமப் படுத்திருப்பா. அவ எப்படி ஆத்துக்காத்துல வருவா? உம் பொண்டாட்டி இவளைப் பெத்தப்ப நீ அவளை வாசப்படி தாண்ட விட்டியா? செங்கல்லைச் சுட வச்சு ஒத்தடம் கொடுத்துட்டு, நாய் மாதிரி வாசல்ல காவல் கிடந்தவன்தானே நீ?"

கிடந்தவர்தான். எல்லாம் செய்தவர்தான். அதெப்படி மறந்தது? இதெல்லாம் வீட்டில் ஒருத்தி இருந்து இடித்துச் சொல்ல வேண்டியவை. அவருக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வர முடியாத பெண் தன்னை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறாள், தான் அவளை வா என்று விரட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, பாவி நான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

காலியான ரிக்‌ஷாவைத் தானே மிதித்துத் துறைக்கு விரைந்தார், கொசுவலைக் கூட்டைக்கூட மறந்துபோய். படகு நிறையப் பழக்கூடையும் மெழுகுவத்திக் கட்டுமாகச் சின்னஞ்சிறுசுகள், எல்லாரும் யாராவது ஒரு பெரியவரைப் பார்க்கப் போகிறவர்கள். நரைத்த தலையோடு வெறுங்கையாகப் போகிற ஒரே ஆள் இவர்தான்.

"என்ன பெரியவரே, வீட்டுக்குக் கும்பிட யாரும் வரலையா, நீங்களே தேடிக் கிளம்பிட்டீங்க?" என்றான் ஒருத்தன். கூட்டம் சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் அவனை ஆற்றில் தள்ளியிருப்பார். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தபோது தெருவெங்கும் விளக்கேற்றத் தொடங்கியிருந்தார்கள். விருந்தாளிகள் போய்விட்டார்கள். மருமகன் அண்டா கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. மத்தியானம் வரைக்கும் பாத்தோம். பிள்ளை பசியில வீரிட்டுச்சு, அதான் எங்கப்பாவே தண்ணி ஊத்திட்டாரு. கேத்தின்னு பேரு வச்சோம்."

"சரிதான். பிள்ளையைக் காய விடலாமா?" என்றார்.

உள்ளறையில் சன்னலெல்லாம் அடைத்துக் கிடந்தது. மா ஸெய்ன் மூ மஞ்சள் முகத்தோடு சாய்ந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, குழந்தையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அதன் தலையில் சீயக்காய் வாசம். யாரோ ஊற்றிய தண்ணீர்.

"நான் வந்திருக்க முடியாதுப்பா," என்றாள்.

"தெரியும்மா. இப்பத்தான் தெரிஞ்சுது."

தப்புச் செய்த பிள்ளை அப்பனிடம் மன்னிப்புக் கேட்க அந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள் இருக்கிறது. தப்புச் செய்த அப்பன் பிள்ளையிடம் கேட்க ஒரு நாளும் கிடையாது. பெரியவர் சிறியவரைக் கும்பிட்டால் அந்தப் பிள்ளைக்கே ஆகாது என்பார்கள். அவர் குழந்தையின் போர்வையை இழுத்து மூடினார், மூடியதையே மறுபடி இழுத்து மூடினார்.

மகள் மெல்ல முட்டி போட்டாள். "வேண்டாம்மா, பச்சை உடம்பு" என்றதை அவள் கேட்கவில்லை. கைகூப்பிக் கண்ணை மூடிச் சொல்லத் தொடங்கினாள்.

"உடம்பால, வாயால, மனசால நான் செஞ்ச பிழையெல்லாம்..."

கூடவே இன்னொரு குரல் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். வாழ்த்துச் சொல்ல வேண்டிய அப்பா, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணீர் கொட்டக் கொட்ட, அவள் சொல்லை அவளோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"...நான் செஞ்ச பிழையெல்லாம் பொறுத்துக்கணும்."