பதுளை சேர்வரில் மடுல்சீமை ஃபோல்டர்

எங்கேயோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரைப் பக்கத்திலேயே இருப்பதுபோல் காட்டுவதுதான் என் தொழில். அது ஒழுங்காக நடக்கிற நாட்களில் எனக்கு எதற்குச் சம்பளம் என்று ஒருவருக்கும் விளங்காது.

பதுளையில், ஒரு தேயிலைத் தோட்டக் கம்பனியின் பிரதேசக் காரியாலயத்தில் வேலை. எங்கள் சேர்வர் ஒரு கறுப்பு அலுமாரி. திரையில் இன்னும் பச்சை எழுத்துதான், ஆனால் உழைப்பாளி. மடுல்சீமை ஃபக்டரி கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதை வயர் வழியாக இழுத்து இந்த அலுமாரிக்குள் ‘மடுல்சீமை’ என்று ஒரு வெறும் ஃபோல்டர் வைத்து அதன்மேல் மாட்ட வேண்டும். மவுண்ட் பண்ணுவது என்போம். இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிற நண்பர்களே, மீதியை நீங்கள் தலையாட்டிக்கொண்டே வாசிக்கலாம்.

மழைக்கு ஒதுங்கியது

முதல் மாதம். மடுல்சீமைப் பக்கம் மழை பிடித்தால் லைன் போய்விடும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், மவுண்ட் பண்ணும்போது ‘அந்தப் பக்கம் பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இரு’ என்று சேர்வருக்குச் சொல்லி வைத்திருந்தேன். பொறுமை நல்லதுதானே என்று நினைப்பு.

எங்கள் தலைமைக் கிளார்க் சுகந்தி மிஸ், யாழ்ப்பாணத்துக்காரர். காலை பத்து மணிக்கு அந்த ஃபோல்டரைத் திறக்கப் போனார். திரை அப்படியே நின்றுவிட்டது. பதினொன்றாகியும் நின்றது. அவர் டீ குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டும் வந்தார். மேலே மழை விடவில்லை, கீழே திரை அசையவில்லை. நான் மெதுவாகப் போய்க் காரணத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“மழை விடும் வரைக்கும் காத்து நிக்கிறதுக்கு இது என்ன பஸ் தரிப்பிடமோ, தம்பி?”

அன்றைக்கே மாற்றினேன். இப்போது நாலு தரம் கேட்டுப் பதில் வராவிட்டால் சேர்வர் தானாகவே விட்டுவிடும்.

நூற்றி நாலு யார்?

மடுல்சீமை ஃபக்டரியில் முருகேசு அண்ணன் கிளார்க். அவர் எழுதி வைத்த ஃபைல்கள் எல்லாம் பதுளைத் திரையில் எங்கள் ஸ்டோர் பொறுப்பாளருடையது என்று காட்டின. ஸ்டோர்க்காரர் எதையும் திருத்தலாம், அழிக்கலாம். பதுளைக்கு வந்த ஒரு நாள் முருகேசு அண்ணன் தன் பெயரில் சேர்வருக்குள் போனார். அவர் எழுதியதை அவராலேயே தொட முடியவில்லை. கோபமாகத்தான் ஊருக்குத் திரும்பினார்.

விஷயம் இவ்வளவுதான். இந்த மெஷின்கள் பெயரைப் பார்ப்பதில்லை, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த நம்பரைத்தான் பார்க்கும். மடுல்சீமையில் நூற்றி நாலு முருகேசு அண்ணன். பதுளையில் நூற்றி நாலு ஸ்டோர்க்காரர். இதைப் போனில் விளக்க அரைமணி நேரம் ஏதேதோ உதாரணம் சொல்லித் திணறினேன். அவர் நடுவில் சிரித்துவிட்டார்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல தம்பி. மேப்பிரிவுல பத்தாம் நம்பரு எங்க சித்தி, கீப்பிரிவுல பத்தாம் நம்பரு வேற ஒரு ஆளு. ஒரே பெரட்டுல நிக்க வச்சுப் பத்துன்னு கூப்ட்டா ரெண்டு பேரும்தான் வந்து நிப்பாங்க.”

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நின்று வளர்ந்தவருக்கு என் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை.

அப்புத்தளையில் வந்த போன்

ஒரு செவ்வாய்க்கிழமை பதுளையில் கரண்ட் போய் வந்தது. சேர்வர் நின்று மறுபடி எழும்பியது. எழும்பும்போது மவுண்ட் தானாக வராது, யாராவது மாட்டிவிட வேண்டும். அந்த யாராவது, அதாவது நான், அன்றைக்கு அப்புத்தளை ஆபீஸில். பனிமூட்டம், எதிர்க்கடை கூடத் தெரியவில்லை.

சுகந்தி மிஸ் கூப்பிட்டார். மடுல்சீமைத் தோட்டத்துப் பழைய பிறப்புப் பதிவேட்டை ஸ்கான் எடுத்து முடித்தாயிற்றாம், புத்தகத்தை லொறியில் திருப்பி அனுப்பியுமாயிற்றாம். ‘மடுல்சீமை’ ஃபோல்டர் ஏனோ வெறுமையாக இருக்கிறதாம். நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்னதை நான் காதில் வாங்கினேன், மண்டையில் வாங்கவில்லை:

“வெறுமையாத்தானே கிடக்குது எண்டு நான் ஸ்கான் எல்லாத்தையும் அதுக்குள்ளயே போட்டிட்டன்.”

ராசாத்தி அக்காவின் பக்கம்

புதன்கிழமை வந்தேன், மவுண்ட் பண்ணினேன், மடுல்சீமை ஃபைல்கள் எல்லாம் திரையில் வந்தன. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை ராசாத்தி அக்கா வந்தார். மடுல்சீமையில் கொழுந்து பறிக்கிறவர். மகள் கவிதாவுக்கு மறுநாள் காலை தாதியர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு. பிறப்புச் சான்றிதழ், அவர்கள் குடியிருக்கிற லயத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது போய்விட்டது. தோட்டத்துப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிற பக்கத்தை எங்கள் மனேஜர் கையெழுத்தோடு கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். சுகந்தி மிஸ் ஃபோல்டரைத் திறந்தார். கொழுந்து நிறைக் கணக்கு இருந்தது, ஃபக்டரி அறிக்கை இருந்தது. பதிவேட்டில் ஒரு பக்கம்கூட இல்லை.

முருகேசு அண்ணனுக்குப் போன் போட்டோம். புத்தகம் தோட்டத்தை நடத்துகிற துரையின் பீரோவில், சாவி துரையோடு கொழும்பில், துரை வருவது திங்கட்கிழமை. ராசாத்தி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சுகந்தி மிஸ் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

அப்போதுதான் அப்புத்தளை போன் ஞாபகம் வந்தது. மிஸ் பக்கங்களைப் போட்டது பதுளையிலேயே இருக்கிற வெறும் ஃபோல்டருக்குள். அடுத்த நாள் நான் மடுல்சீமையைக் கொண்டுவந்து அதன்மேல் மாட்டிவிட்டேன். மாட்டினால் கீழே இருப்பது தெரியாது. கழற்றினால் தெரிய வேண்டும். தெரிய வேண்டும் என்றுதான் படித்திருக்கிறேன். அதுவரை செய்து பார்த்ததில்லை.

கழற்றப் போனால் சேர்வர் விடவில்லை. யாரோ ஃபோல்டரைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மேசை மேசையாகப் போய் மூடச் சொல்லிக் கேட்டேன். என் குரலுக்கு ஒருவரும் நிமிரவில்லை. சுகந்தி மிஸ் எழுந்து நின்று ஒரே ஒரு தரம் சொன்னார். ஸ்டோர்க்காரர் உட்பட எல்லாரும் மூடிவிட்டார்கள்.

கழற்றினேன். கொழுந்து நிறை போனது, அறிக்கை போனது. இருந்த இடத்தில் பதிவேட்டுப் பக்கங்கள் வரிசையாக நின்றன. கவிதாவின் பக்கத்தைத் தேடிப் பிரின்ட் எடுத்து, மனேஜரிடம் ஓடிக் கையெழுத்தும் சீலும் வாங்கிக் கொடுத்தேன். ராசாத்தி அக்கா மகளின் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னேன்.

“அப்ப இம்புட்டு நேரமும் இது இங்கனதான் இருந்துச்சா? பொறகு ஏந்தம்பி என்னைய அழ வச்சீங்க?”

ஆகவே நண்பர்களே, நம் தொழிலில் ஃபைல்கள் அவ்வளவு சுலபத்தில் தொலைவதில்லை, எதன்மேல் எதை மாட்டினோம் என்கிற நம்முடைய ஞாபகம்தான் வாரத்துக்கு ஒரு தரம் தொலைந்துகொண்டிருக்கிறது.