அறுவைக்குப் பின் மரியபுஷ்பம்

காலை ரயிலில் வந்த மரியபுஷ்பம் டீச்சரின் தம்பி எங்கள் பள்ளி வாசலில் நின்றபடியே சொன்னார்: "அக்கா தவறிட்டாங்க டீச்சர். காய்ச்சல்னு படுத்தாங்க, எந்திரிக்கல." பழைய நோயா என்று கேட்டேன். இல்லை என்றார். மரியபுஷ்பம் டீச்சரை அறிந்த நீங்களும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

தங்கச்சிமடத்தில் நாங்கள் ஒன்றாகப் பணியாற்றியபோது அவருக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று மதுரையில் கண்டார்கள். நோயுள்ள பகுதியை அறுத்தெடுத்து, ஆசனவாயைத் தைத்து மூடி, மலம் வெளியேற இடப்பக்க வயிற்றில் ஒரு வழி வைத்து அனுப்பினார்கள். பிழைத்தார் என்று ஊர் மகிழ்ந்தது. அதன்பின் விடியற்காலையில் அந்த வழியாகக் குடலைக் கழுவ, ரப்பர் குழாயும் வெந்நீருமாக ஓலை மறைப்புக்குள் நெடுநேரம் இருப்பார். வயிற்றில் துணியை மடித்துக் கட்டி, மேலே சேலை உடுத்திப் பள்ளிக்கு வருவார். உட்கார்ந்தால் வலி. நின்றே பாடம் நடத்தினார்.

ஒருநாள் வகுப்பில் வயிறு சத்தமிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். "சிரிச்சாச்சா? என் வயித்துக்கு இப்ப வாய் இருக்கு, அது பேசும். நீங்க கணக்கைப் போடுங்க" என்றார்.

கணவர் சூசை கடலுக்குப் போகிறவர், நல்லவர். ஆனால் டீச்சர் மதுரையிலிருந்து திரும்பியது முதல் பாயை வெளியே விரித்தார். மாதக்கணக்கில் பொறுத்தபின் டீச்சர் கேட்டாராம்: "ஏன் அங்கன படுக்கிறீக? நாத்தமா?"

"உனக்கு வலிக்குமோன்னு பயம்."

"அதை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

பாய் உள்ளே வந்தது. "எல்லாம் பழையபடி ஆயிரல. ஆனா பக்கத்துல ஆள் இருக்கு" என்று டீச்சர் என்னிடம் சொன்னார்.

நான் இராமநாதபுரத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு, திருப்பாலைக்குடியில் இருந்த என் நாத்தனார் காளியம்மாளுக்கும் அதே நோய் வந்தது. அறுவைக்கு மறுத்துவிட்டாள். "அப்படிக் கிடக்குறதுக்குச் செத்துப்போறேன்" என்றாள். டீச்சருக்குச் சொல்லி அனுப்பினேன். வழியில் சங்கடம் வேண்டாமென்று முதல்நாளே சாப்பாட்டை நிறுத்திவிட்டு ரயிலும் பஸ்ஸுமாக வந்து சேர்ந்தார். ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தி, வயிற்றுத் துணியை அவிழ்த்துக் காட்டினார். ஈறு போலச் சிவந்த சிறு வாய். காளியம்மாள் வெகுநேரம் பார்த்தாள்.

"வீட்டுக்காரர் கிட்ட வருவாரா?"

"முதல்ல வரல. பிறகு வந்தார். வலிச்சா வாய்விட்டுச் சொல்லணும். நல்லா இருக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்மா, அழுற நாள் உண்டு. ஆனா பள்ளிக்கூடம் போறேன், கோயிலுக்குப் போறேன், இந்தா உன்னைப் பாக்க வந்திருக்கேன்."

அடுத்த வாரம் காளியம்மாள் மதுரைக்குப் புறப்பட்டாள்.

டீச்சரின் அடக்கத்துக்கு அவளும் என்னுடன் வந்தாள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வந்து என் அருகில் நின்றாள். "ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப எல்லாரும் பிழைச்சிட்டியேன்னாக. இவுக மட்டுந்தான் உக்கார முடியுதா, தூங்குறியா, வீட்ல உன்கூடப் பேசுறாகளான்னு கேட்டாக."

அந்தக் கேள்விகளை, இனி நானும் கேட்பதற்காக, வைத்துக்கொள்கிறேன்.