இடது கையில் இருந்த கோல்

லண்டனில் இரண்டு அங்குலம் பனி விழுந்தால் பேருந்து நிற்கும், பள்ளிக்கூடம் மூடும், மறுநாள் எல்லாம் சேறாகிவிடும். அப்படிப்பட்ட ஊரில் என் மகள் பனிச்சறுக்கு ஓட்டப் பந்தயத்தில் சேரப் போகிறேன் என்று வந்து நின்றபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. சிரித்ததற்கு நான் மூன்று வருடமாக அனுபவிக்கிறேன்.

பனி இல்லாத ஊர்க்காரர்களுக்கென்று ரோலர் ஸ்கீ என்று ஒன்று இருக்கிறது. காலுக்கு ஒரு நீளச் சட்டம், அதன் இரு முனையிலும் ஒவ்வொரு சக்கரம், இரண்டு கையிலும் முகவாய் வரை உயரமான கோல். அதை மாட்டிக்கொண்டு தார்ப் பாதையில் கோலை ஊன்றி ஊன்றி ஓட வேண்டும். பிரேக் கிடையாது. இது எனக்குத் தெரிய வந்தது பணம் கட்டி மூன்று மாதம் கழித்து. தெரிந்த அன்று மகளோடு ஒரு சண்டை, என் கணவரோடு ஒரு சண்டை. அவர் வழக்கம்போல, "நீங்கள் ரெண்டு பேரும் பேசி முடிவெடுங்கோ, எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டார்.

சென்ற ஆண்டு அவள் ஜி.சி.எஸ்.ஈ. பொதுத் தேர்வுக்கான வகுப்புக்கு வந்தாள். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் தெருவில் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்குப் போகிறார்கள். என் மகள் மட்டும் தடி இரண்டைத் தூக்கிக்கொண்டு மேற்கு லண்டனுக்குப் போகிறாள். நான் அதைத் தடி என்றுதான் சொல்வேன். அவளுக்கு அது பிடிக்காது. வேதியியலில் அவள் வாங்கிய புள்ளியைப் பார்த்த அன்று பொறுமை போய், சமையலறையில் வைத்து ஒரு நிபந்தனை போட்டேன்.

அவளுடைய பனிச்சறுக்குக் கிளப் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இளையோர் பந்தயத் திருவிழா ஒன்றுக்குப் போகும். சனி, ஞாயிறு இரண்டு நாள். பல ஊர்க் கிளப்புகளும் வரும். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் எட்டுச் சுற்று ஓட்டத்தில் அவள் வயதுப் பெண்களில் முதல் நான்கு பேரை, குளிர்காலத்தில் நார்வேக்கு உண்மையான பனியில் பயிற்சிக்குக் கூட்டிப்போவார்கள்.

"நாலுக்குள்ள வந்தால் நான் மறிக்க மாட்டன். வராட்டி சோதனை முடியும் வரைக்கும் இதைக் கட்டி வை" என்றேன்.

சோதனை முடிந்த பிறகு இன்னொரு சோதனை வரும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் கையை நீட்டினாள். நான் பிடித்துக் குலுக்கினேன். அந்த நிமிடம் என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நாற்பது பெண்கள் ஓடுகிற ஓட்டத்தில் நான்காவதாக இவள் எங்கே வரப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை குறுந்தூர ஓட்டம். அது தெரிவுக்குச் சேராது. நான் மடக்கு நாற்காலியும் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸுமாகப் போய் உட்கார்ந்தேன். சைக்கிள் ஓட்டத்துக்கென்று வளைத்து வளைத்துப் போட்ட பாதை அது. சுற்றிப் புல்வெளி, ஒரு பக்கம் விமானங்கள் தாழ்வாக இறங்கிக்கொண்டேயிருந்தன. என் மகள் மூன்றாவதாக வந்தாள். நான் எழுந்து கைதட்டினேன். உள்ளங்கை சிவக்கும் வரை தட்டினேன்.  ஆனால் உள்ளே இருந்தது சந்தோஷம் இல்லை. மறைக்காமல் சொல்கிறேன், அது பயம். இவள் வென்றுவிடுவாளோ என்ற பயம்.

அன்று பின்னேரம் இல்ஃபோர்டில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டருக்குச் செய்தி அனுப்பினேன். ஞாயிறு வகுப்பில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து மகள் வருவாள் என்று எழுதினேன். எதற்கும் இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகளிடம் சொல்லவில்லை.

ஞாயிறு காலை அவள் ஒரு வாழைப்பழத்தைத் தவிர எதையும் தொடவில்லை. காரில் காதுக்குள் பாட்டைச் செருகிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். விரல்கள் மட்டும் முழங்காலில் தாளம் போட்டன. எனக்கும் வாய் உலர்ந்து கிடந்தது. எதற்காக உலர்கிறது என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

போனதும் பயிற்சியாளர் என்னிடம் வந்தார். ஐம்பது வயது ஆங்கிலேயப் பெண்மணி, எப்போதும் ஏதாவது வேலை கொடுப்பார். ஓட்டத்தின் நடுவில் யாரும் பிள்ளைகளைத் தொடக் கூடாது, தள்ளக் கூடாது. கோல் முறிந்தால் மட்டும் வெளியிலிருந்து ஒருவர் புதுக் கோல் கொடுக்கலாம். அதற்காக ஒவ்வொரு கிளப்பும் பாதையோரத்தில் பெற்றோரை நிறுத்தும். கோலின் கைப்பட்டி இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு. ஆகவே வலது கோல்கள் பாதையின் எதிர்ப்பக்கம் நின்ற இன்னொரு அம்மாவிடம் போயின. இடது கோல் என்னிடம் வந்தது.

ஏற்றம் முடிகிற இடத்தில் என்னை நிறுத்திப் பயிற்சியாளர் செய்து காட்டினார். பிள்ளைகள் வரும் திசையைப் பார்த்து நில். அவர்கள் உன் இடது பக்கமாகக் கடப்பார்கள். கோலை நட்டுக்குத்தாக இடது கையில் பிடித்துப் பாதைப் பக்கம் நீட்டு. அசையாதே. அவர்களே பறித்துக்கொள்வார்கள். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? நான் தலையாட்டினேன்.

துப்பாக்கி வெடித்ததும் நாற்பது பெண்களும் ஒரே கூட்டமாகக் கிளம்பினார்கள். எண்பது கோல்கள் தாரில் குத்துகிற சத்தம், தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவது மாதிரி. முதல் சுற்றில் என் மகளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் ஒன்பதாவது. ஐந்தாவது சுற்றில் ஆறாவது. ஆறாவது சுற்றில் ஏற்றத்தில் இரண்டு பேரைத் தாண்டி நான்காவதாக என்னைக் கடந்து போனாள். அவளுடைய முகத்தை அப்படி நான் பார்த்ததேயில்லை. வீட்டில் பாத்திரம் கழுவச் சொன்னால் மூன்று தரம் கூப்பிட வேண்டிய பிள்ளை அது.

அந்தக் கணம் என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஓடு! ஓடடி பிள்ளை!" என்று கத்தினேன். எதிர்ப்பக்கத்து அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவள் வென்றால் போதும், டியூஷன் எப்படியும் போகட்டும் என்று அப்போது நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

ஏழாவது சுற்றில், ஏற்றத்தின் அடியில், பின்னால் வந்த பெண்ணின் சட்டம் என் மகளுடைய இடது கோல்மேல் ஏறியது. படாரென்று முறிந்தது. அவள் விழவில்லை. முறிந்த துண்டை உதறிவிட்டு, ஒற்றைக் கோலோடு, வலது பக்கமாகக் கோணிக் கோணி ஏற்றத்தில் வந்தாள். பின்னால் வந்தவள் நெருங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! லெஃப்ட்! லெஃப்ட்!"

கோல் என் இடது கையில்தான் இருந்தது. நீட்டித்தான் இருந்தேன். அவளுடைய கை கோலுக்கு ஒரு முழம் தூரத்தில் வந்துவிட்டது. அப்போது என் இடது கை தானாகப் பின்னுக்குப் போனது. கோலை வலது கைக்கு மாற்றி, உடம்பைத் திருப்பி, வலது கையால் நீட்டினேன்.

இடது கையால் ஒன்றையும் கொடுக்கக் கூடாது. சின்ன வயதில் புறங்கையில் வாங்கிய அடிகளோடு படிந்த பழக்கம் அது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். இருபது வருடமாக ஒரு வாடிக்கையாளருக்கும் இடது கையால் கண்ணாடி நீட்டியதில்லை. பேருந்தில் யாரோ தவறவிட்ட கையுறையை எடுத்துக் கொடுத்தாலும் கை மாற்றித்தான் கொடுப்பேன். பெற்ற பிள்ளைக்கு, அதுவும் இப்படியொரு நேரத்தில், இடது கையால் கொடுக்க என் கைக்கு வரவில்லை.

அவள் காற்றைப் பிடித்தாள். சக்கரம் அவளை இழுத்துக்கொண்டு என்னைக் கடந்து போய்விட்டது. நான் பாதைக்குள் கால் வைக்கக் கூடாது. அவள்தான் நின்று, திரும்பி, இரண்டு எட்டு பின்னால் வந்து என் கையிலிருந்து கோலைப் பிடுங்கினாள். அதற்குள் ஐந்தாவதாக வந்த பெண் முன்னால் போய்விட்டாள்.  என் மகள் என்னை ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான்.

கடைசிச் சுற்றில் அவள் அந்தப் பெண்ணை ஏறக்குறையப் பிடித்துவிட்டாள். எல்லைக்கோட்டில் இரண்டு பேருக்கும் இடையே ஒரு கை நீளம் இருந்திருக்கும். ஐந்தாவது.

அவள் புல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். நான் கிட்டப் போகவில்லை. பயிற்சியாளர் வந்து, ஏன் கை மாற்றினாய் என்று மெதுவாகக் கேட்டார். எங்கள் ஆட்கள் இடது கையால் கொடுக்க மாட்டோம் என்றேன். வெள்ளைக்காரர்கள் அடுத்தவர் பழக்கவழக்கத்தைப் பற்றிக் கேட்டால் முகத்தில் ஒரு மரியாதையை வரவழைத்துக்கொள்வார்களே, அந்த மரியாதையோடு தலையை ஆட்டினார். எனக்கு நெருப்பாக எரிந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும்போது நார்த் சர்க்குலர் சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் என் பக்கத்தில் இருந்தாள். கோல் பை பின்னாலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க மூன்று தரம் வாயைத் திறந்தேன். மூன்றாவது தரம் என் தொலைபேசிக்கு வந்த செய்தி கார்த் திரையில் ஒளிர்ந்தது. மாஸ்டர் எழுதியிருந்தார்: நேற்று நீங்கள் கேட்டபடி மகளுக்கு ஞாயிறு வகுப்பில் இடம் வைத்துவிட்டேன்.

அவள் இரண்டு தரம் வாசித்தாள். என் மகள் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். மனது முறிந்தால் மட்டும் தமிழ் வரும்.

"நேற்றே சொல்லிப்போட்டீங்களா?"

"ஒரு இடம்தானம்மா இருந்தது. எதுக்கும் எண்டு..."

"நான் தோத்துப்போவன் எண்டு நினைச்சனீங்கள்."

 முன்னால் நின்ற லொறி கொஞ்சம் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

"அம்மா, வேணுமெண்டோ கை மாத்தினனீங்கள்?"

இல்லை என்று சொல்ல வேண்டும். அது ஒரு சின்னச் சொல். பழக்கம் என்று சொல்லலாம், அது முழு உண்மை. கடையில் என்னோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் சாட்சி சொல்வார்கள். ஆனால் முதல் நாள் கைதட்டும்போது வந்த அந்தப் பயமும் எனக்குத்தான் தெரியும். ஆறு சுற்று முழுக்கக் கோலை இடது கையில் நீட்டியபடிதானே நின்றேன்? அவளுடைய கை கிட்ட வந்த அந்த ஒரு கணத்தில்தானே மாற்றினேன்?

"எனக்குத் தெரியேல்லை" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். பந்தயத்தில் தோற்றதற்கு அழாத பிள்ளை, சத்தம் போட்டு அழுதாள். எனக்கும் கண் மறைத்தது. முதலில் தென்பட்ட பெட்ரோல் நிலையத்துக்குள் காரைத் திருப்பி நிறுத்தினேன்.

"அந்த நிபந்தனை என்ரை. நானே அதை எடுக்கிறன். நீ ஓடுறதை விட வேண்டாம். டியூஷனைச் சனிக்கிழமைக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேக்கிறன். மாத்தாட்டி வேற ஆளைப் பாப்பம்" என்றேன்.

"நார்வே?"

"அது... அது போச்சு. என்னால ஒண்டும் செய்ய ஏலாது. என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள்.  பிறகு பேசியபோது குரல் தெளிவாக இருந்தது.

"சரி. வசந்த காலத்தில இன்னொரு ஓட்டம் இருக்கு. நான் ஓடுவன். ஆனா இனி நீங்கள் கோல் பிடிக்கக் கூடாது. பாக்க வாங்கோ. பிடிக்க வேண்டாம். நான் அந்த மற்ற அன்ரியிட்டக் கேக்கிறன்."

எதிர்ப்பக்கம் நின்ற அம்மாவைத்தான் சொன்னாள். அவள் கேட்டது நியாயம். அந்த நியாயம் என்னை அறுத்தது. எத்தனையோ விடியலில் இவளை எழுப்பிக் கூட்டிப்போன என்னைவிட, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு பெண்ணை இவள் நம்புகிறாள். குறுக்கே ஏதாவது சொல்லத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஓம்" என்றேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, எப்போதும் செய்வதுபோல் கோல் பையைத் தூக்கக் கை நீட்டினேன்.

"விடுங்கோ அம்மா, நான் எடுக்கிறன்."

விட்டேன்.