கண்ணுக்குக் காட்டும் மெஷின், காதுக்குச் சொல்லும் மெஷின்

1. முதல் பாடம்

மதுரையில் சர்வே கருவிகள் விற்கும் கடை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். பில் போடத்தான் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி இரண்டு மெட்டல் டிடெக்டர்களை மேஜையில் வைத்துச் சொன்னார்:

“இந்தாம்மா, இது கத்தும், அம்புட்டுத்தான். மண்ணுக்குள்ள என்ன கிடக்குன்னு சொல்லாது. இந்தா இருக்கே, இது கத்தவும் செய்யும், என்ன சாமான்னு ஸ்கிரீன்ல நம்பரும் காட்டும். வாரவுகள்ல பாதிப் பேரு ஸ்கிரீனப் பாத்ததும் மயங்கிருவாக.”

கொஞ்ச நாளில் டெமோ காட்டுவதும் என் வேலையானது. இரும்புக்குக் குறைந்த நம்பர், செம்புக்கும் வெள்ளிக்கும் கூடிய நம்பர். தங்கம் நடுவில் எங்கோ நிற்கும். சின்னத் தங்கத் தோடும் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஜிகினாத் தாளும் கிட்டத்தட்ட ஒரே நம்பர் காட்டும். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன், யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

பழைய உத்திரக்கட்டையில் ஆணி தேடும் மர அறுவைக்காரர்கள் வருவார்கள். மண்ணில் புதைந்துபோன வால்வைத் தேடும் விவசாயிகள் வருவார்கள். புதையல் ஆசாமிகளும் வருவார்கள். அவர்களை மட்டும், “தாசில்தார் ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவேன். திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை.

2. சோழவந்தான் கொடிக்கால்

ஒரு நாள் சோழவந்தானிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் பெயர் செல்வம். வெற்றிலைக் கொடிக்காலைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் பார்ப்பவர். மனைவி பாண்டியம்மாள். கழுத்தில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு மட்டும் தொங்கியது. தாலியைத் தொலைத்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

“என்ன பொருள், எங்கே விழுந்தது?” என்று கேட்டேன்.

செல்வம்தான் பதில் சொன்னார். “தங்கத் தாலி மேடம், கூட ரெண்டு குண்டுமணி. கொடிக்கால்ல வெத்தலை கிள்ளையில கயிறு இத்து விழுந்துருச்சாம். இவ சொல்றா. இவ தம்பி வெளிநாடு போறதுக்கு ஆலாப் பறக்குறான். அவனுக்குக் குடுத்துட்டாளோ என்னமோ, யாரு கண்டா?”

அந்த அம்மாள் காதெல்லாம் சிவந்துபோய் நின்றார்.

“ஸ்கிரீன் இருக்கதாக் கொண்டாங்க. காதுல கேக்குறத நான் நம்ப மாட்டேன், கண்ணால பாக்கணும்” என்றார் செல்வம்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கொடிக்காலில் துருப்பிடித்த கம்பியும் ஆணியும் நிறையக் கிடக்கும். சத்தம் கேட்ட இடமெல்லாம் தோண்டினால் கொடியின் வேர் அறுந்துவிடும். இரும்பை ஒதுக்கிவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் கத்தும்படி ஸ்கிரீன் மெஷினை செட் பண்ணலாம். மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று பழைய சத்த மெஷினையும் பையில் போட்டுக்கொண்டேன்.

கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டு நடக்க விடமாட்டார்கள். வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கினேன். அகத்தி மரங்களில் கொடி படர்ந்து, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வரிசை வரிசையாக மெஷினை வீசிக்கொண்டு நடந்தேன். செல்வம் என் தோளுக்குப் பக்கத்திலேயே ஸ்கிரீனைப் பார்த்தபடி வந்தார். இரும்பு வந்தால் சத்தம் வராது, நம்பர் மட்டும் வந்து மறையும்.

“இது என்ன மேடம்?”

“இரும்புதான்.”

“இது?”

“இதுவும் இரும்புதான்.”

எத்தனை இடத்தில் அப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. ஒரு தடவைகூட மெஷின் கத்தவில்லை. கடைசி வரிசையும் முடிந்தது. செல்வம் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“பாத்தியாடி? மெஷினே இல்லைங்குது. இப்ப என்ன சொல்ற?”

“நான் தொலைச்சது எனக்குத் தெரியாதா? இங்கனதான் விழுந்துச்சு.”

“அப்ப மெஷினு பொய் சொல்லுதா?”

அவர் கேட்டதற்கு நானல்லவா பதில் சொல்லியிருக்க வேண்டும்? சொல்லவில்லை. மெஷின் மேல் எனக்கும் அவ்வளவு நம்பிக்கை. அந்த அம்மாள் மேல் சந்தேகம்கூட வந்துவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வெளியே வரும்போது வேலி ஓரத்தில் என் காலில் முள் ஏறியது. வரப்பில் உட்கார்ந்து, “ஒரு ஊக்கு இருந்தாக் குடும்மா” என்றேன்.

பாண்டியம்மாளின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. மஞ்சள் துண்டைத் தொட்டுவிட்டு இறங்கியது.

“என் ஊக்கெல்லாம் அதோடயே போயிருச்சே அக்கா. மூணு ஊக்கு மாட்டியிருந்தேன்.”

எனக்குக் காலில் முள் இருப்பதே மறந்துவிட்டது. தாலிக் கயிற்றில் ஊக்கு மாட்டிவைக்காத பெண் எங்கள் பக்கம் உண்டா? நானே கயிற்றை விட்டுச் சங்கிலிக்கு மாறும்வரை அப்படித்தான் மாட்டியிருந்தேன். மூன்று இரும்பு ஊக்கும் பொட்டுத் தங்கமும் ஒன்றாகக் கிடந்தால் மெஷின் இரும்பு என்றுதான் காட்டும். இரும்புக்குக் கத்தாதே என்று அதன் வாயைக் கட்டிவைத்ததே நான்தான்.

பையிலிருந்து சத்த மெஷினை எடுத்தேன். ஸ்கிரீன் மெஷினையே எல்லா உலோகத்துக்கும் கத்தும்படி மாற்றியிருக்கலாம். ஆனால் நம்பர் கண்ணில் பட்டால் என் கை மறுபடியும் தாண்டிப் போய்விடும் என்று பயந்தேன்.

“இனி சத்தம் வார இடமெல்லாம் தோண்டணும்” என்றேன்.

“கொடி என்னத்துக்கு ஆகும்?” என்று செல்வம் குதித்தார்.

“நான் விரலாலயே தோண்டுறேன். ஒரு வேரு அறுந்தா என்னியக் கேளுங்க” என்று பாண்டியம்மாள் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கம்பித் துண்டு வந்தது. குடைக்கம்பி வந்தது. உடைந்த அரிவாள் நுனி வந்தது. ஒவ்வொன்றையும் வரப்பில் எடுத்து வைத்துவிட்டு, தோண்டிய குழியை மூடித் தட்டிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். மதியம் தாண்டியது. நாலாவது வரிசையில், வாய்க்கால் சேற்றுக்குள்ளிருந்து மூன்று ஊக்குகள் கொத்தாக வந்தன. அவற்றோடு ஒட்டிக்கொண்டு இற்றுப்போன கயிறும் தாலியும் குண்டுமணிகளும் வந்தன.

செல்வம் கையை நீட்டினார். “குடு பாண்டி, நான் கட்டிவிடுறேன்.”

“இருங்க” என்று பாண்டியம்மாள் கையை இழுத்துக்கொண்டார். வாய்க்கால் தண்ணீரில் கழுவி, வரப்பில் வைத்தார். “அக்கா, அந்த ஸ்கிரீன் மெஷின இதுக்கு மேல காட்டுங்க.”

காட்டினேன். சத்தமே இல்லை. இரும்பு நம்பர் வந்து மறைந்தது.

“என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார் கணவனிடம்.

செல்வம் ஸ்கிரீனைப் பார்த்தார், தாலியைப் பார்த்தார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “என் மேலயும் தப்பும்மா. இரும்பு இரும்புன்னு சொன்னது நான்தானே. மன்னிச்சிரு” என்றேன்.

“நீங்க மெஷினப் பாத்துச் சொன்னீக அக்கா, விடுங்க. இவுக பதினாறு வருசமா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்காக.”

3. நான் கற்றுக்கொண்டது

ஸ்கிரீன் வேண்டுமா வேண்டாமா என்று இப்போதும் இளைஞர்கள் போன் பண்ணிக் கேட்கிறார்கள். குப்பை நிறைந்த இடத்தில் ஸ்கிரீன் இடுப்பு வலியை மிச்சப்படுத்தும், வாங்குங்கள். ஆனால் அந்த நம்பர் மெஷினின் யூகம். தோண்டிப் பார்க்காமல் அதைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். சின்னப் பொருளாக இருந்தால், அல்லது கூட என்ன சேர்ந்து கிடக்கிறது என்று தெரியாவிட்டால், வெறும் சத்த மெஷினும் பொறுமையும் போதும்.

ஆனால் அன்றைக்கு நான் செய்த தப்பு மெஷினில் தொடங்கவில்லை. கடையில், தொலைத்தவரே எதிரில் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்காமல், பக்கத்தில் இருந்த கணவர் சொன்னதைக் கேட்டு மெஷினை எடுத்தேன். அந்த அம்மாளிடம் கேட்டிருந்தால் ஊக்கைச் சொல்லியிருப்பார்.