கேக் தின்னும் முதலாளி

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் எனக்கு வாய்த்த முதலாளி ஒரு சீனர். கம்பனி தொடங்குவதுதான் அவருடைய தொழில், நடத்துவது அல்ல. முதலில் முதியோருடன் பேசும் ரோபோ. அந்தக் கம்பனி படுத்ததும், கைபேசியால் திறக்கும் சைக்கிள் பூட்டு. நனைந்தால் திறக்காது. இந்த ஊரில் மழை பெய்யும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. இரண்டு கம்பனியிலும் நான் பாகங்கள் பொருத்தினேன்.

டென்மார்க்கில் வேலையை விட்டுப் போகிறவர்தான் கடைசி நாளில் கேக் கொண்டுவர வேண்டும். கம்பனி மூடினால் போவது நாங்கள். முதலாளிக் கதிரையில் அப்படியே இருப்பது அவர். அதனால் இரண்டு தடவையும் நாங்கள் கேக் கொண்டுபோனோம், அவர் தின்றார். வாயில் கிறீமோடு, தோல்விதான் நல்ல ஆசான் என்று பிரசங்கம் வேறு. அந்த ஆசானிடம் அடி வாங்கியது நாங்கள். பட்டம் பெற்றது அவர்.

மூன்றாவது, குளிர்சாதனப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் செயலி.

“கதவைத் திறந்தால் தெரியுந்தானே. திரும்பவும் அந்தாளிட்டையோ போறியள்?” என்றாள் மனைவி.

“ஓம். வேற வேலை கிடைக்கேல்லை,” என்றேன்.

அதுவும் மூடிய நாளில், பேசிவைத்துக்கொண்டு எல்லோரும் வெறுங்கையோடு போனோம். அவர் கடதாசித் தட்டோடு வந்து மேசையைப் பார்த்தார். கேக் எங்கே என்று கேட்டார். சுட நேரம் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். தட்டை வைத்துவிட்டு யோசித்தார்.

அடுத்த மாதமே நான்காவது கம்பனி வந்துவிட்டது: வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கேக் கொண்டுவந்து கொடுக்கும் செயலி. வாடிக்கையாளருக்குப் பஞ்சம் வராது. அதை மூடும் நாளில், அங்கே வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்களே.