ஒற்றைச் செருப்பு மாமா

போன வருடம் ராயபுரத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிற ரகம் நான். பக்கத்தில் உட்காரும் தோழி, காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண், பாடம் நடக்கும்போது நோட்டில் படம் வரைந்துகொண்டிருப்பாள். புத்தகத்துப் படம் இல்லை. படகு, ஐஸ் பெட்டி, நண்டு. ஆனால் கேள்வி கேட்டால் பதில் டக்கென்று வரும். கை வலிக்க எழுதிய எனக்கு வராது. எரியுமா, எரியாதா?

அறிவியல் விழாவில் இதயம் பற்றிப் பேச வகுப்புக்கு ஒருவர்தான். நோட்டைப் பார்க்காமல் நன்றாக விளக்குபவருக்கே வாய்ப்பு என்றார் டீச்சர். அந்த மேடை எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டு அவளிடமே நோட்டைக் கேட்டேன்.

"எட்துக்கோடி, இதுல இன்னா கீது" என்று நீட்டினாள். ஒரு நொடிகூடத் தயங்காமல் கொடுத்தாளே, அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இதயப் பாடத்தன்று அவள் வரைந்திருந்த படத்தை அப்படியே மனப்பாடம் செய்தேன். மறுநாள் விளக்க என் முறை வந்தபோது கரும்பலகையில் நான்கு ஐஸ் பெட்டிகள், நடுவில் ஒற்றைச் செருப்போடு ஒரு ஆள், எல்லாம் அச்சு அசலாக வந்தது.

"யாரும்மா இவரு?" என்றார் டீச்சர்.

எனக்குத் தெரியவில்லை. வகுப்பே சிரித்தது.

"எங்க மாமா டீச்சர்," என்றாள் தோழி. "மீன் ஏலத்துல வாச கேட்டாண்ட நிப்பாரு. வண்டிங்க பின்னால ஓடி ஓடி ஒரு செருப்பு பிஞ்சி பூட்ச்சி. உள்ள பூந்த வண்டிய அதே வழியில திரும்ப உடமாட்டாரு. பொட்டிங்க நாலும் இதயத்தோட அறை, மாமாதான் வால்வு." பிறகு என் பக்கம் திரும்பி, "எம்மாமன உனக்கு எப்டிடி தெரியும்? நீ வர்ற வழில இன்னா கீதோ, அத்த வரை."

நான் எர்ணாவூரிலிருந்து பஸ்ஸில் வருபவள். வழியெல்லாம் டிரெய்லர் லாரிகள்தான். பலகையை அழித்துவிட்டு அதையே வரைந்தேன். காலி லாரி ஹார்பருக்குள் போய்ச் சரக்கேற்றி வெளியே வந்தது. ஹார்பர்தான் நுரையீரல், சரக்குதான் ஆக்சிஜன். கேட்டைத் தாண்டிய வண்டி ரிவர்ஸ் எடுக்க முடியாது. பேசப் பேச வார்த்தைகள் தாமாக வந்தன.

வாய்ப்பென்னவோ அவளுக்குத்தான் போனது. விழாவில் வயிறு எரிய எரியக் கை தட்டினேன்.

இப்போது கல்லூரியில் என் நோட்டு முழுக்கப் படங்கள்தான். மேடையைக்கூட மறந்துவிட்டேன். ஆனால் தினமும் திட்டிக்கொண்டே கடந்துபோன அந்த லாரி வரிசையை, அவள் சொல்லித்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்பதில்தான் அவள்மேல் இன்னும் பொறாமை.