டீச்சர் வீட்டுப் பாலும் எங்கள் வீட்டுப் பாலும்

என் அப்பா பால்காரர். பாலில் தண்ணீர் கலப்பார். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மலாக்கா காஜா பெராங்கில் அன்று கலக்காத பால்காரர் யாராம்? வீட்டுக்கென்று முதலில் ஒரு செம்பு எடுத்து வைத்துவிட்டுத்தான் பால் டின்னைப் பைப்படிக்குக் கொண்டு போவார்.

மெர்டேக்கா, அதுதான் மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த மறுவருடம் செமாபோக்கிலிருந்து மாற்றலாகி ஒரு டீச்சர் வந்தார். பள்ளிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். அறிவியலைக் கையால் செய்துதான் படிக்க வேண்டும் என்பார். பப்பாளி இலைத் தண்டை வெட்டி, அடியில் ஆணி போட்டு மெழுகால் அடைத்து, கிளாஸில் மிதக்க விட்டார். அடர்த்தி கூடிய திரவத்தில் தண்டு உயர்ந்து நிற்கும், குறைந்ததில் அமிழும். தண்ணீரில் நின்ற மட்டத்துக்குத் தண்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். குலா மலாக்கா வெல்லப்பாகில் தண்டு எம்பியது, தேங்காய் எண்ணெயில் இறங்கியது.

மறுநாள் ஆளுக்கொரு திரவம் கொண்டுவரச் சொன்னார். எங்கள் வீட்டில் பாலை விட்டால் வேறென்ன இருக்கிறது? கொண்டு போனேன். டீச்சரும் தன் வீட்டிலிருந்து பால்தான் கொண்டுவந்திருந்தார். அவருக்குப் பால் ஊற்றுவது அப்பா என்று வகுப்புக்கே தெரியும். விஷயம் வெளியே வந்தால் அப்பாவின் வாடிக்கை போகும். அதற்கு முன்னால் என் மானம் போகும்.

என் பாலில் கோடு பாலுக்கு மேலே தெரியத் தண்டு உயர்ந்து நின்றது. டீச்சர் பாலில், தண்ணீர்க் கோட்டை ஒட்டி இறங்கிவிட்டது.

“டீச்சர், ரெண்டும் இவங்கப்பா பால்தானே?” என்றான் முன்வரிசைப் பையன்.

“மாடு வேற வேறயா இருக்கும்லா,” என்றார் டீச்சர். தண்டைத் துடைத்து உப்புத் தண்ணீரில் விட்டார். எனக்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்.

அடுத்த நாள் காலை அப்பாவின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போனேன். டீச்சர் பாத்திரத்தோடு வாசலில் நின்றார்.

“அண்ணே, நாளையிலேர்ந்து உங்க மக குடிக்கிற பாலையே எனக்கும் ஊத்துங்க. அது போதும்.”

“ஆகட்டும் டீச்சர்,” என்றார் அப்பா, முகம் மாறாமல்.

மறுநாள் டின்னோடு பைப்படிக்குப் போய் வந்த பிறகுதான் வீட்டுச் செம்பை நிரப்பினார். அதே டின்னிலிருந்து டீச்சருக்கும் போனது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

அன்று காப்பி சப்பென்று இருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அப்பா மேல் இல்லை, டீச்சர் மேல். அந்தப் பாலைப் பள்ளிக்கு எடுத்துப் போயிருந்தால், இரண்டு கிளாஸிலும் தண்டு ஒரே மட்டத்தில் நின்றிருக்கும்.